சாமி விளக்கும் யோகேஸ் கட்டிய கரண்டுப் பெட்டியும்

புக்கிட் செலம்பாவ்,
கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் நடராஜாவுக்கு,

உன் அம்மா ராக்காயி எழுதுகிறேன். முருகன் புண்ணியத்தில் என் வலது முட்டியைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம். நீயும், நீ ஓட்டுகிற லோரியும், கடல் தாண்டி அந்தப் பெர்த் ஊரில் நீ இருக்கிற வீடும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன்.

தபாலைப் பார்த்ததும் பயந்துவிடாதே. யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் பேசினால் நீ பாதியிலேயே, சரிம்மா, லோட் ஏத்த நேரமாச்சும்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேசை மேலேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டது இதற்காவது உதவட்டும். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

சேதி இதுதான். உன் மகள் யோகேஸ்வரிக்குத் தை மாதம் பரிசம் போட ஜித்ராவிலிருந்து வரப்போகிறார்கள். அதற்கு நீ வர வேண்டும். வந்து உன் கையால் தட்டு மாற்ற வேண்டும். போனில் நான் சொன்னதற்கு, லீவு கிடைக்காதும்மா, அவள் தாய்மாமாவை வைத்து முடித்துவிடுங்கள் என்றாய். அதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. அப்பா வந்தாத்தான் தட்டு, இல்லாட்டி தட்டே வேணாம் பாட்டி, அவங்க காத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவள் யார் மகள்? சொன்னால் சொன்னதுதான்.

மாப்பிள்ளை எப்படி அமைந்தது என்று நீ விவரமாகக் கேட்கவே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

முதலில் யோகேஸின் பாட்டுப் பைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூலிம் பேக்டரியில் சின்னச் சின்னக் கரண்டுப் பலகைகளைச் சோதித்துப் பார்க்கிற வேலை என்று உனக்குத் தெரியும். சுங்கை பட்டாணியில் ஒரு சீனக் கிழவர் வீடு மாறிப் போகும்போது என் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களைக் கொடுத்துவிட்டுப் போனார். யோகேஸ் அவற்றைப் பிரித்துப் போட்டு, காகிதம் ஒட்டி, ஒயர் மாற்றினாள். இப்போது நம் ஹாலில் இரண்டு துவாரபாலகர் மாதிரி நிற்கின்றன. நான் அவற்றுக்கு நடுவில்தான் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுகிறேன்.

இந்தக் காலத்தில் பாட்டு கேசட்டிலும் இல்லை, தட்டிலும் இல்லையாம். இண்டர்நெட் ஒயர் வழியாக வீட்டுக்குள் வருகிறதாம். சாமி மேடைக்குப் பக்கத்தில் விளக்கு மின்னிக்கொண்டிருக்குமே, அந்த ரௌட்டர், அது வழியாகத்தான் வருகிறது. அதற்குக் கரண்டு கொடுக்கிற சின்னக் கறுப்பு அடாப்டர் இருக்கிறது பார், அது கரண்டைச் சுத்தமாகக் கொடுப்பதில்லை, கசடோடு கொடுக்கிறது, அந்தக் கசடு பாட்டிலும் போய்ச் சேருகிறது என்று சில பேர் சொல்கிறார்களாம். அதனால் அதைக் கழற்றிவிட்டு, உள்ளே கனமான டிரான்ஸ்பார்மர் வைத்த இரும்புப் பெட்டி ஒன்றைப் போட வேண்டுமாம். கடையில் விற்பதை வாங்காமல் இவளே கட்டினாள். எனக்கு விளங்கவில்லை என்று நினைக்காதே. ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டினவள் நான். வாளியிலிருந்து பாலை அப்படியேவா ஸ்டோரில் ஊற்றுவோம்? பட்டை, தூசி, எறும்பு எல்லாம் போக வடிகட்டித்தானே ஊற்றுவோம். கரண்டையும் வடிகட்டுகிறாள். அவ்வளவுதான்.

வித்தியாசம் தெரியுதா என்று கேட்டேன். நிஜமாவே தெரியல பாட்டி, சில நாள் தெரியுற மாதிரி இருக்கு, சில நாள் நானா நெனச்சுக்கிறனோன்னு இருக்கு, கட்டிப் பாக்காம எப்படித் தெரியும் என்றாள். அந்தப் பெட்டி என்னவோ அழகாக இருக்கிறது. முன்னால் ஒரு சின்னப் பச்சை விளக்கு. நான் சந்தனம் வைத்தேன். காற்றுப் போகிற ஓட்டையில் மட்டும் வைக்காதீங்க என்று சொன்னாள். பக்கத்தில் தள்ளி வைத்தேன்.

இப்போது பெண் பார்க்க வந்த கதை.

தீபாவளி கழிந்து அடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜித்ராவிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் காளிதாசன். வயலுக்குத் தண்ணீர் விடுகிற இலாகாவில் வேலை. அவனோடு அவன் அம்மா பிரேமாவதி, அவளுடைய அண்ணன் புவனேசன். அப்பா இல்லை. பிரேமாவதி நல்ல மாதிரி, ஆனால் சாஸ்திரம் சம்பிரதாயம் என்றால் ஒரு கடுகு குறையக் கூடாது. செருப்பைக் கழற்றும்போதே எந்தப் பக்கம் வாசல் என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தாள். புவனேசன் வாய் நிறையப் பேசுகிறவர். வந்து உட்கார்ந்ததும், என்னம்மா இது, ஸ்பீக்கரா பீரோவா, கலியாணச் சீருக்கு இதுவே போதும் லா என்றார்.

நான் கேசரி கிண்டி, வாழைக்காய் பஜ்ஜி போட்டு வைத்திருந்தேன். யோகேஸ் அந்த ஸ்பீக்கரில் மெதுவாக நாதஸ்வரம் வைத்திருந்தாள். எல்லோரும் நல்லது பேசிக்கொண்டிருக்கிறோம். மாப்பிள்ளைப் பையன் மட்டும் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, சத்தம் கேட்ட கோழி மாதிரி உட்கார்ந்திருக்கிறான். யோகேஸ் புடவை கட்டிக்கொண்டு டீத் தட்டோடு வருகிறாள், இவன் அவளைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரைப் பார்க்கிறான். அவன் அம்மா அவன் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? தப்பா நினைக்காதீங்க, பாட்டுக்குப் பின்னாடி ஒரு கிர்ர்ருன்னு சத்தம் வருது, உங்களுக்குக் கேக்குதா என்று பெண்ணைப் பார்த்துக் கேட்டான். பெண் பார்க்க வந்த இடத்தில் முதல் பேச்சு அது!

உன் மகள் என்ன செய்தாள் தெரியுமா? ஒரு வாரமா இருக்குங்க, ரௌட்டருக்குப் புதுசா பெட்டி கட்டிப் போட்டும் போகல, எனக்குத் தூக்கமே வரல என்றாள். என்ன பெட்டி, லீனியரா, டிரான்ஸ்பார்மர் வச்சதா, நீங்களே கட்டினதா என்று அவன் எழுந்துவிட்டான். இவள் டீத் தட்டைக் கொண்டுபோய் பிரேமாவதி கையிலேயே கொடுத்துவிட்டு, வாங்க காட்டுறேன் என்று அலமாரிக்குப் பின்னால் போய்விட்டாள். வருங்கால மாமியார் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறாள். நான் ஓடிப் போய் வாங்கினேன். புவனேசன்தான், விடு தங்கச்சி, நம்ம காளி பொண்ணைப் பாத்துட்டான், நாமதான் இன்னும் பாக்கல என்று சிரித்தார். பிரேமாவதி சிரிக்கவில்லை.

இரண்டும் அலமாரிக்குப் பின்னால் முட்டி போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஒயராகப் பிடுங்குகின்றன. காத்தாடியை நிறுத்தினார்கள், சத்தம் போகவில்லை. டிவியைப் பிடுங்கினார்கள், போகவில்லை. அவன் அந்த இரும்புப் பெட்டியைக் கையில் எடுத்து, தூக்கிப் பார்த்து, குழந்தை எடை பார்க்கிற மாதிரி ஆட்டிப் பார்த்து, சாலிடர் நல்லா வச்சிருக்கீங்க என்றான். இவள் முகம் சிவந்துவிட்டது. புடவை நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவ்வளவு சிவந்திருக்காது.

கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள். எது என்று நினைக்கிறாய்? நம் சாமி விளக்கு.

தீபாவளிக்கு நான் ராத்திரிச் சந்தை போடுகிற பாசார் மாலாமில் ஒரு கலர் விளக்குச் சரம் வாங்கி முருகன் படத்தைச் சுற்றிப் போட்டேன். சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி ஓடும். முருகனுக்கே தனிக் களை வந்துவிட்டது. பக்கத்தில் பிளக் போட இடம் இல்லாததால், ரௌட்டரும், ஸ்பீக்கருக்குப் பாட்டு அனுப்புகிற பாட்டுப் பெட்டியும் போட்டிருந்த அதே பிளக் கட்டையில் இதையும் சொருகினேன். அந்தச் சரத்தில் இருக்கிற மலிவு அடாப்டர்தான் கரண்டு முழுவதையும் கலக்கிக்கொண்டிருந்ததாம். என் பேத்தி ஒரு வாரமாக ரௌட்டரை வடிகட்டுகிறாள், நான் பக்கத்திலேயே முருகன் பேரில் சேற்றைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன்!

சரத்தைப் பிடுங்கினால் தீர்ந்தது. ஆனால் யார் பிடுங்குவது? பிரேமாவதி எழுந்து நின்றுவிட்டாள். ஐயையோ, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல சாமி வெளக்க நிறுத்துறதா, நானே அத என் கண்ணால பாக்கணுமா என்றாள். வேண்டுமென்றே சொல்லவில்லை அவள், நிஜமாகவே பயந்தாள். அவள் வீட்டுக்காரர் இறந்த அன்றைக்குக் காலையில் சாமி விளக்கு அணைந்து கிடந்ததாம், பிறகு சொன்னாள். உன் மகள் பிளக்கின் மேல் வைத்த கையை எடுத்துவிட்டாள். அந்தப் பையனும் எடுத்துவிட்டான். பாட்டி சொன்னாத்தான் தொடுவேன் என்றான். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். பின்னால் நாதஸ்வரமும் கிர்ர் சத்தமும் சேர்ந்து போய்க்கொண்டிருக்கின்றன.

பிடுங்கினால் அவள் மனதில் ஒரு முள் தங்கிவிடும். பிடுங்காவிட்டால் இந்த இரண்டு பிள்ளைகளின் முகம் வாடிவிடும். அப்புறம் உள்ளே போய்க் குத்துவிளக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். நல்லெண்ணெய் ஊற்றி, திரி போட்டு, முருகனுக்கு முன்னால் வைத்தேன். தீப்பெட்டியைப் பிரேமாவதி கையில் கொடுத்தேன். நீயே ஏத்தும்மா, எண்ணெய் வெளக்கு எரியும்போது கரண்டு வெளக்கு குளிர்ந்தா ஒண்ணும் குத்தமில்ல, பெரிய வெளக்கு வந்துடுச்சுன்னு சின்ன வெளக்கு ஓய்வெடுக்குது என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பெண் வீட்டு விளக்கை மாப்பிள்ளையின் அம்மா ஏற்றுவதென்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? எனக்கும் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். கொஞ்ச நேரம் தீப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஐந்து முகமும் ஏற்றிக் கும்பிட்டாள். அப்புறம் நானே குனிந்து, முருகா என்று சொல்லி, அந்தக் கலர்ச் சரத்தைப் பிடுங்கினேன்.

நடராஜா, அந்தச் சத்தம் நின்றபோதுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று எனக்கே தெரிந்தது. நாதஸ்வரக்காரர் மூச்சு இழுப்பது கேட்டது. நிஜமாகச் சொல்கிறேன், மூச்சு இழுப்பது கேட்டது. பிரேமாவதிகூட, யாரோ ஹால்ல உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு என்றாள்.

கை வலித்ததால் நேற்று இங்கேயே நிறுத்திவிட்டேன். இன்றைக்குப் புதன்கிழமை. காலையில் தஞ்சோங் டாவாயிலிருந்து கருவாட்டுக்காரர் வந்தார். நெத்திலி நன்றாக இருந்தது. நீ வந்தால் சம்பால் செய்யலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். மழை விடவே இல்லை. பின் வாசல் தகரத்தில் ஒழுகிய இடத்தை யோகேஸே ஏறி அடைத்துவிட்டாள். நான் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

எங்கே விட்டேன்? ஆமாம், சத்தம் நின்றது. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். உன் மகள் விடவில்லை. அந்தப் பையனைப் பார்த்து, கலர் வெளக்குச் சத்தம் யாருக்கும் கேக்கும், ரௌட்டருக்குப் பழைய அடாப்டர் போட்டா ஒரு மாதிரியும் என் பெட்டி போட்டா ஒரு மாதிரியும் இருக்கான்னு உங்களால சொல்ல முடியுமா என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாப்பிள்ளைக்குப் பரீட்சை வைக்கிற பெண்ணை நம் வம்சத்தில் நான் பார்த்ததில்லை. அவனோ, சரி, வைங்க என்று சப்பணம் போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இவள் அலமாரிக்குப் பின்னால் போய்விட்டாள். இப்ப பழைய அடாப்டர் என்று சொல்லி ஒரு பாட்டு வைத்தாள். அப்புறம் ரௌட்டரை நிறுத்தினாள். அது மறுபடி உயிர் பெற்று வர நேரமாகும். அதற்குள் புவனேசன் பஜ்ஜித் தட்டைக் காலி செய்துவிட்டார். இப்ப என் பெட்டி என்று சொல்லி அதே பாட்டை மறுபடி வைத்தாள்.

பாட்டு முடிவதற்குள் புவனேசன், ஆஹா, இதுதான் லா, தேன் மாதிரி எறங்குது, முதல்ல வச்சது தகரம் என்றார். பிரேமாவதியும், ஆமாண்ணே, இது கொஞ்சம் குளுமையாத்தான் இருக்கு என்று தலையை ஆட்டினாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் ஆட்டினேன். காளிதாசன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு கண்ணைத் திறந்து, எனக்கு வித்தியாசம் தெரியலைங்க என்றான்.

டேய் காளி, வீட்டுல மூணு பெட்டி வாங்கி வச்சிருக்கியேடா, என் காதுக்கே கேக்குது, உன் காதுக்குக் கேக்கலையா என்று மாமா பிடித்துக்கொண்டார். பொண்ணு கட்டினது, நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் என்னவாம் என்று அம்மா காதில் கிசுகிசுத்தது எனக்கே கேட்டது. அவன் காது வரைக்கும் சிவந்துவிட்டான். ஆனால் பேச்சை மாற்றவில்லை. பெட்டி நல்ல பெட்டிம்மா, கைவேல ரொம்ப சுத்தம், ஆனா பாட்டு ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு, இல்லாததை இருக்குன்னு எப்படிச் சொல்றது என்றான்.

எனக்கு மனது உடைந்துவிட்டது. அவள் எத்தனை நாள் கண் வலிக்க உட்கார்ந்து கட்டினாள்! இவனை வேண்டாம் என்று சொல்லப்போகிறாள், முடிந்தது என்று நினைத்தேன்.

அலமாரிக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். அவள் அம்மா லோகேஸ்வரி சிரிப்பாளே, அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கு வழியாக வருமே, அதே சிரிப்பு. உன் மகள் எழுந்து வெளியே வந்தாள், புடவையெல்லாம் ஒட்டடை. நான் மாத்தவே இல்லைங்க, ரெண்டு தடவையும் அதே பெட்டிதான், சும்மா நிறுத்திட்டு மறுபடி போட்டேன் என்றாள்.

புவனேசன் முகத்தை நீ பார்க்க வேண்டுமே! தேன் சொன்ன வாய் திறந்தபடியே இருந்தது. முதலில் சிரித்தவள் யார் தெரியுமா? பிரேமாவதி. அண்ணே, தகரம்னியே அண்ணே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். நானும்தானே தலையை ஆட்டினேன்! கேசரிக் கிண்ணத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

யோகேஸ் என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தாள். பாட்டி, இவர் போதும் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போன வருஷம் பினாங்கிலிருந்து ஒருத்தன் வந்தானே, ஸ்பீக்கர் போடுவதற்கு முன்னாலேயே சூப்பரா இருக்கு என்று சொன்னான், அவனை அனுப்பி வைத்தபோது நீகூடப் போனில் திட்டினாய். இப்போது எனக்குப் புரிகிறது. அவள், காது நன்றாகக் கேட்கிறவனைத் தேடவில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லக்கூடியவனைத்தான் தேடியிருக்கிறாள்.

இப்போது வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அவன் வருகிறான். இரண்டு பேரும் சேர்ந்து ரௌட்டருக்கு முன்னால் இண்டர்நெட் ஒயர் வந்து சேருகிற பெட்டிக்கு ஒன்று, பாட்டுப் பெட்டிக்கு ஒன்று என்று இன்னும் இரண்டு இரும்புப் பெட்டி கட்டுகிறார்கள். தெரியலைன்னு சொன்னீங்களே, அப்புறம் எதுக்குக் கட்டுறீங்க என்று கேட்டேன். சூடு கம்மி பாட்டி, ரொம்ப நாள் உழைக்கும், அதோட நாலு நாள் கேட்டா தெரிஞ்சாலும் தெரியும் என்கிறான். பைத்தியத்துக்குப் பைத்தியம் ஜோடி கிடைத்தது. முருகனுக்கு வேறு நல்ல விளக்குச் சரம் வாங்கி வந்து, தனிப் பிளக்கும் அடித்துக் கொடுத்துவிட்டான்.

அன்றைக்கு எல்லாம் பேசி முடித்துப் புறப்படும்போது பிரேமாவதி என் கையைப் பிடித்துக் கேட்டாள். காளிக்கு அப்பா இல்லாததால எங்க பக்கம் தட்டு குடுக்க எங்கண்ணன் இருக்காரு, உங்க பக்கம் பொண்ணோட அப்பா இருக்காருல்ல, அவரு கையால வாங்கினாத்தான் எனக்கு நிம்மதி, எப்ப வர்றாரு என்றாள். வருவான்மா என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

இனிமேல் எழுதுவதை நிதானமாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ கூப்பிட்டாயே, அப்போது யோகேஸ் உன் போனை அந்தப் பெரிய ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பாட்டிக்குக் காதில் வைத்துக் கேட்கச் சிரமமாக இருக்கிறது என்று போட்டாள். உனக்கு அது தெரியாது. லீவு கிடைக்காது என்று மறுபடியும் நீ சொல்லிக்கொண்டிருந்தாய். உன் குரல் ஹாலின் நடுவில் நிற்கிற மாதிரி இருந்தது. அப்போது உனக்குப் பின்னால் ஒரு கதவு திறந்தது. சின்னக் காலடி ஓடி வந்தது. டாடி, ஷூ, டாடி, ஷூ என்று ஒரு மழலைக் குரல். பிறகு ஒரு பொம்பளையின் குரல், ரொம்ப மெதுவாக, உஷ் உஷ் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனது. கதவைச் சாத்தும் சத்தம்கூடக் கேட்டது. நீ, டிவிம்மா என்று சொன்னாய். நானும், அப்படியாப்பா என்று சொன்னேன்.

நீ போனை வைத்த பிறகு யோகேஸ் ஸ்பீக்கரை நிறுத்தினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவள் அம்மா போய்ச் சேர்ந்த அடுத்த வருஷமே நீயும் வேலைக்கென்று போய்விட்டாய், அப்போது அவள் பள்ளிக்கூட யூனிபார்மில் இருந்தாள். எல்லாம் ஞாபகம் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, பாட்டி, தம்பியா தங்கச்சியான்னு கொரல வச்சுக் கண்டுபிடிக்க முடியலையே, இவ்வளவு பெட்டி கட்டி என்ன பிரயோசனம் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த மூக்குச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, இதுக்காகவா பாட்டி அப்பா இத்தன வருஷமா வராம இருக்காரு, நம்ம கோவிச்சுக்குவோம்னா என்று கேட்டாள்.

நாம ஒண்ணும் கேக்க வேணாம், அப்பாவே சொல்லட்டும் என்று அவள் சொன்னாள். அவள் பேச்சுக்கு மரியாதை கொடுத்து நானும் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்திலும் கேட்கவில்லை. நீ டிவி என்றால் டிவிதான். ஆனால் என் வயதில் ஒரு சௌகரியம், யார் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம்.

லோகேஸ்வரியை நீ எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று இந்தத் தாமானில் வீடு வீடாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவள் தலைமாட்டில் நீ உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தவள். அதற்குப் பிறகு தனியாகவே இரு என்று நான் உன்னைப் பெறவில்லை. உன் மகளும் அப்படி நினைக்கவில்லை. அவளுக்குப் பெரிய மனது. அதை நான் வளர்த்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை, ஆனால் அது அவள் அம்மா கொடுத்துவிட்டுப் போனது.

வீட்டில் மூன்று அறை இருக்கிறது. நடு அறையை யோகேஸ் நேற்றே கூட்டித் துடைத்து, கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டுவிட்டாள். சின்ன ஆள் யாராவது புரண்டு விழுந்துவிடக் கூடாதாம். ஹாலில் கீழே கிடக்கிற ஒயரையெல்லாம் காளிதாசன் அடுத்த ஞாயிறு வரைக்கும் காத்திருக்காமல் நேற்றே வந்து சுவரோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டான். அவனிடம் அவள் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. பிரேமாவதியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், அந்தக் கவலை உனக்கு வேண்டாம். இங்கே யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். கேட்டால் என் வாய் உனக்குத் தெரியும். தமிழ் தெரியாதவர்கள் வந்தாலும் பரவாயில்லை. என் மலாயும் சுமார்தான், சோறு போடுவதற்குப் பாஷை தேவையில்லை.

அதனால் தை மாதம் நீ தனியாக வர வேண்டாம், சாமி. யார் கையையும் விட்டுவிட்டு வர வேண்டாம்.

பரிசத்துக்குத் துணி எடுக்க அடுத்த வாரம் சுங்கை பட்டாணிக்குப் போகிறோம். எல்லோருக்கும் கணக்குப் போட்டாகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் தெரியவில்லை. சின்ன வேட்டி எடுக்கட்டுமா, சின்னப் பாவாடை எடுக்கட்டுமா? வயது என்ன, உயரம் என்ன? இதற்கு மட்டும் உடனே பதில் போடு. வேறு எதற்கும் நீ பதில் சொல்ல வேண்டியதில்லை.

உனக்கும், உன்னோடு அந்த வீட்டில் சோறு சாப்பிடுகிற எல்லோருக்கும் என் ஆசீர்வாதம்.

உன்னைப் பெற்றவள்,
ராக்காயி